புதன்கிழமைக் கையெழுத்து

ஹார்லன் மில்ஸ் மக்கள் சேமிப்பு வங்கி எதையும் மறைக்காது. நான் சொல்லவில்லை, வாசல் கண்ணாடியே சொல்கிறது. "நாங்கள் எதையும் மறைப்பதில்லை" என்று ஓரடி உயரத்துக்குத் தங்க நிறத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்து அவ்வளவு பெரிதாக அமைந்துவிட்டதால், அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த வட்டி விகிதப் பட்டியல் தெருவிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த வங்கியில் நான் நோட்டரி. பெயர் எல்டன் மெர்ட்ஸ். இன்னார் என் கண்முன்னால், இன்ன தேதியில் கையெழுத்துப் போட்டார் என்று முத்திரை குத்திச் சாட்சி சொல்வது என் உத்தியோகம். ஒஹாயோ மாநில அரசு என்னை நம்பி அந்த முத்திரையைக் கொடுத்திருக்கிறது. எங்கள் வங்கியில் மொத்தம் பதினான்கு பேர். அதில் பதினொரு பேர் துணைத் தலைவர்கள். மிச்ச மூன்று பேரில் ஒருவர் தலைவர், ஒருவர் தரை துடைக்கிறவர், ஒருவன் நான். தரை துடைக்கிறவருக்கும் அடுத்த வருஷம் துணைத் தலைவர் பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பள உயர்வு கேட்டாராம்.

எங்கள் முக்கியமான வியாபாரம், வீட்டின் மேல் கொடுக்கும் கடன் வரம்பு. விஷயம் சுலபம். உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை எங்களிடம் ஈடு வைக்கிறீர்கள். இவ்வளவு வரைக்கும் என்று நாங்கள் ஒரு வரம்பு போட்டுத் தருகிறோம். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். கட்ட முடியாமல் போனால் வீட்டை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கண்டிப்பாகத் தெரிவிக்க வேண்டும் என்று வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு விதி போட்டுவிட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று வேலைநாள் வரை, காரணம் எதுவும் சொல்லாமல், வேண்டாம் என்று ரத்து செய்துவிடலாம். மனுஷன் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசிக்கட்டும் என்று கொடுத்த அவகாசம் அது.

இந்த உரிமைக்கு எங்கள் வங்கி கொடுக்கிற மரியாதையை வேறு யாரும் கொடுக்க முடியாது. ரத்து அறிவிப்புத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம், கழிவறைக்குப் போகிற வழியில், பெரிய செடித் தொட்டிக்குப் பின்னால். அதற்குப் பக்கத்தில் தட்டு அளவுக்கு ஒரு பித்தளைப் பூஜ்யம். கடந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கை அது. ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பூஜ்யத்துக்கு விருந்து நடக்கும். கேக் வெட்டுவோம். தலைவர் விட்லாக் ஐயா கண்கலங்கிப் பேசுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லொரீன் ட்வோராக் வீட்டுக் கூரை ஒழுகும் வரைக்கும்.

அவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்தொரு வருஷம் சமைத்தவர். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் அவர் கரண்டிக்குத் தப்பியிருக்க முடியாது. எல்லோருக்கும் அவர் மிஸஸ் டி. எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'. கணவர் வெர்ன், பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பஸ் எஞ்சின் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று எப்போதோ பேச்சைக் குறைத்துக்கொண்டவர், அப்படியே இருந்துவிட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அடமானப் பத்திரத்தின் நகலைப் பின்கட்டு அடுப்பில் போட்டுக் கொளுத்தி, அதே நெருப்பில் சாசேஜ் வாட்டி ஊருக்கே கொடுத்தார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன். "இனிமே இந்த வீட்டுல ஒரு ஆணி கூட பேங்க்காரனோடது இல்ல!" என்று மிஸஸ் டி இடுக்கியைத் தூக்கிச் சொன்னார். கைதட்டியவர்களில் எங்கள் துணைத் தலைவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். இருவரும் முப்பது வருஷம் வியர்வை சிந்திக் காப்பாற்றிய வீடு. அவர்களிடம் அதைத் தவிரச் சொத்து என்று வேறு எதுவும் கிடையாது.

மார்ச்சில் சமையலறையில் ஒரு வாளி வைத்தார்கள். ஏப்ரலில் மூன்று வாளி. அப்புறம் எங்களிடம் வந்தார்கள்.

கையெழுத்து நாள் ஒரு வெள்ளிக்கிழமை. இடம், எங்கள் வெளிப்படைத்தன்மை அறை. நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற அந்தக் கண்ணாடி முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறோம். மேஜைக்கு அந்தப் பக்கம் வெளிப்படைத்தன்மைத் துறைத் துணைத் தலைவர் டிரெவர் ஹால்வர்சன். இந்தப் பக்கம் தம்பதி. மூலையில் நானும் என் முத்திரையும்.

ஹால்வர்சன் காகிதக் கட்டை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். மேஜை லேசாக ஆடியது.

"நூத்திப் பதினாறு பக்கம் மேடம். சட்டம் எங்ககிட்ட கேக்கிறது பன்னெண்டே பக்கம்தான். நாங்க நூத்திப் பதினாறு குடுக்கறோம். வேற எந்த பேங்க் குடுப்பான்?"

"பன்னெண்டு பக்கம்னா படிச்சிருவேனே, கண்ணு," என்றார் மிஸஸ் டி.

"அதேதான் மேடம்!" என்றார் ஹால்வர்சன் மகிழ்ச்சி பொங்க.

மிஸஸ் டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "நீ ஹால்வர்சன் பையன் டிரெவர்தானே? ரெண்டு புட்டிங் எடுத்துக்கிட்டு, ஒண்ணுதான் எடுத்தேன்னு சாதிச்சவன்?"

"அது... அப்ப நான் மூணாங்கிளாஸ் மேடம்."

"ஞாபகம் இருக்கில்ல. அது போதும்."

படலம் ஆரம்பித்தது. எங்கள் முறை இப்படி: ஹால்வர்சன் ஒரு பக்கத்தைக் காட்டுவார், மேஜை மணியை ஒருமுறை தட்டுவார், "வெளிப்படுத்தப்பட்டது" என்பார், பக்கத்தைத் திருப்பிவிடுவார். வாடிக்கையாளர் ஓரத்தில் கையெழுத்து. நான் முத்திரை. ஒரு பக்கத்துக்குப் பதினோரு விநாடி. முந்தைய ஆள் பதினாலு விநாடி எடுத்துக்கொள்வாராம். அதனால்தான் அவர் இன்னும் சாதாரணத் துணைத் தலைவராகவே இருக்கிறார்.

"கொஞ்சம் பொறு கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு..."

டிங். "வெளிப்படுத்தப்பட்டது."

"வட்டி ஏறும்னு எதுவோ பாத்தேனே இப்ப..."

டிங். "அதுவும் வெளிப்படுத்தப்பட்டது மேடம். போன பக்கத்துல."

எண்பத்தெட்டாம் பக்கத்தில், மேற்படி எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொண்டதாக ஒரு வாக்குமூலம். எண்பத்தொன்பதாம் பக்கத்தில், எண்பத்தெட்டாம் பக்கத்தைப் புரிந்துகொண்டதாக இன்னொன்று. தொண்ணூறில், புரியவில்லை என்றால் அது வாடிக்கையாளரின் தனிப்பட்ட விருப்பம் என்று மூன்றாவது. வெர்ன் பஸ்ஸுக்கு எண்ணெய் விடுகிற நிதானத்தில் எல்லாவற்றிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். மிஸஸ் டி பாவம், தலை சுற்றிப் போய், மணி அடித்தால் கை தானாகப் பேனாவை எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார். எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் குத்தினேன்.

கடைசித் தாள் வந்தது. அது தனித் தாள். வெர்ன் அதிலும் போட்டுவிட்டார். நானும் குத்திவிட்டேன். மிஸஸ் டியின் பேனா மட்டும் பாதி வழியில் நின்றது.

"டிரெவர், இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை மேடம்."

"இதுல புதன்கிழமைத் தேதி இருக்கு."

"ஆமா மேடம். வர்ற புதன்."

அவர் தாளைத் தூரமாகப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். "'எனக்கு அளிக்கப்பட்ட மூன்று வேலைநாள் அவகாசம் முழுவதும் கழிந்துவிட்டது. அதற்குள் நான் இந்தக் கடனை ரத்து செய்யவில்லை என்று உறுதியளிக்கிறேன்.' ஏன்டா கண்ணு, நான் இன்னும் நாற்காலிய விட்டே எழுந்திரிக்கல. மூணு நாள் எப்பக் கழிஞ்சுது?"

"சனி, திங்கள், செவ்வாய். செவ்வாய் முடிஞ்சா கழிஞ்சிரும் மேடம். புதன்கிழமை இதுக்காகவே நீங்க மெனக்கெட்டு மறுபடி வரணுமேன்னுதான் இப்பவே வாங்கிக்கறோம். எல்லாம் உங்க சௌகரியத்துக்குத்தான். எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

"அந்த மூணு நாளுக்குள்ள எனக்கு வேணாம்னு தோணிட்டா?"

"எப்படி மேடம் தோணும்? தோணலன்னுதான் கையெழுத்துப் போட்டிருப்பீங்களே!"

மிஸஸ் டி பேனாவை மூடி வைத்தார். முகம் மாறிவிட்டது. இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது எவனாவது ஒருவன் முந்தினால் மாறுமே, அந்த முகம். என்னையறியாமல் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இதோ பாரு. நாப்பத்தொரு வருஷம் நான் டப்பாவுல தேதி ஒட்டியிருக்கேன். சூப்பு என்னைக்குச் செஞ்சமோ அந்தத் தேதிதான் ஒட்டணும். நாளைக்குச் செய்யப்போற சூப்புக்கு இன்னைக்கே ஸ்டிக்கர் ஒட்டி வெச்சவள ஒருத்திய நான் வேலைய விட்டே தூக்கியிருக்கேன். அழுதா. விடலையே! ஏன்னா அதச் சாப்புடப் போறது பிள்ளைங்க. புதன்கிழமைக் கையெழுத்து வேணும்னா புதன்கிழமை வா. தோணிச்சுன்னா போடறேன்."

ஹால்வர்சன் மணியைத் தட்டினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் என் பக்கம் திரும்பிக் கண்ணால் கெஞ்சினார். மிஸஸ் டியும் என் பக்கம் திரும்பினார். வெர்ன் போட்ட தாளில் என் முத்திரை ஈரம் காயாமல் இருந்தது: 'புதன்கிழமையன்று என் முன்னிலையில்.'

"எல்டன், நீயுமாடா?" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் என் முத்திரையை யாரும் படித்ததில்லை. நான் முத்திரையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன்.

அவர் அதோடு விடவில்லை. ரத்து அறிவிப்புத் தாளை எடுத்து எண்ணினார். தம்பதிக்குச் சேர்த்து ஒரே ஒரு நகல் கொடுத்திருந்தார்கள். "வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நகல்னு அங்க நூத்தி மூணாம் பக்கத்துல எங்கயோ ஓடிச்சு. ரெண்டு பேருக்கு நாலு. எண்ணூறு பிள்ளைங்களுக்குப் பால் டப்பா எண்ணிக் குடுத்தவ, எனக்கா எண்ணத் தெரியாது?"

வங்கி முழுக்கத் தேடினோம். இன்னொரு நகல் இல்லை. யாரும் கேட்டதே இல்லையே! கடைசியில் பதினொரு துணைத் தலைவர்களும் சேர்ந்து செடித் தொட்டியை நகர்த்தி, சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்த தாளை நகல் இயந்திரத்தில் வைத்தார்கள். தொட்டி நகர்ந்தபோது அங்கே ஒரு ஜன்னல் இருப்பது தெரியவந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை விட்லாக் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு கூடையைக் கையில் கொடுத்தார். குக்கீஸ், ஜாம், வங்கியின் பெயர் போட்ட ஒரு குடை. "கூரை ஒழுகுதுல்ல, பாவம், உதவும்," என்றார். கூடைக்கு அடியில், மிஸஸ் டி கையெழுத்துக்கென்று, அந்தப் புதன்கிழமைத் தாளின் புது நகல். "எப்படியாவது வாங்கிட்டு வா எல்டன். அடுத்த வெள்ளி விருந்து. இருபத்திமூணாவது பூஜ்யம். கேக்குக்குச் சொல்லியாச்சு."

மிஸஸ் டி சமையலறை மேஜையில் நூற்றுப் பதினாறு பக்கத்தையும் பரப்பி வைத்திருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. வெர்ன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா எல்டன். உக்காரு. குடையா? நல்லாருக்கு. ஈடா வாங்கற வீட்டுக்குள்ள பிடிச்சுக்க குடையும் நீங்களே குடுக்கறீங்க." கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பக்கத்தை என் முன்னால் தள்ளினார். "அறுபத்தொண்ணாம் பக்கம். சத்தமாப் படி."

"நானா?"

"உன் முத்திரைதானே அது? படி."

சத்தியமாகச் சொல்கிறேன், என் முத்திரை இருக்கிற ஒரு பக்கத்தை நான் படித்தது அதுதான் முதல் தடவை. எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருந்தது. படித்தேன். முதல் ஆறு மாதம் மட்டும் குறைந்த வட்டி. அப்புறம் சந்தையோடு சேர்ந்து ஏறும். முதல் பத்து வருஷம், குறைந்தபட்சத் தவணையாக வட்டியை மட்டும் கட்டினால் போதும். அப்படிக் கட்டிவந்தால் பத்து வருஷ முடிவிலும் அசலில் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. பதினோராம் வருஷத்திலிருந்து தவணை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தவறினால் வீட்டை இழக்க நேரிடலாம்.

வெர்ன் எழுந்து ஒரு வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தி வைத்தார்.

"பத்து வருஷம் கழிச்சு உங்களுக்கு என்ன வயசு, வெர்ன்?" என்று கேட்டார் மிஸஸ் டி.

"எழுவத்தாறு," என்றார் வெர்ன்.

"எனக்கு எழுவத்தி நாலு. எழுவத்தி நாலு வயசுல இந்த வீட்ட விட்டு என்னை இறக்கி விடுவானுங்க. எங்க போவேன் நான்? டிரெவர் வீட்டுக்கா?" அவர் குரல் முதல் முறையாக நடுங்கியது. பயம் இல்லை அது, கோபம். "பாரு எல்டன், யாரோ நல்லவங்க இத எழுதித்தான் ஆகணும்னு விதி போட்டிருக்காங்க. எழுதியும் இருக்கு, தெளிவா. இத மட்டும் தனியாக் குடுத்திருந்தா நான் அன்னைக்கே எழுந்து போயிருப்பேன். அதனாலதான் நூத்திப் பதினஞ்சு பக்கத்த இது மேல போட்டு மூடியிருக்கானுங்க."

"தவணையில முன்கூட்டியே அசலும் சேத்துக் கட்டலாம், மிஸஸ் டி..." என்று ஆரம்பித்தேன். வங்கி உப்பைத் தின்றவன் இல்லையா.

"அத மணி அடிச்சுச் சொன்னானா அவன்?"

சொல்லவில்லை. நான் கூடையிலிருந்து ஒரு குக்கீ எடுத்துத் தின்றேன். அந்தப் புதன்கிழமைத் தாளை வெளியே எடுக்கவே இல்லை.

கிளம்பும்போது அவர் ரத்து அறிவிப்பைக் கையில் வைத்துச் சிரித்தார். "தபால்லயோ தந்தியிலயோ தெரிவிக்கலாம்னு போட்டிருக்கு. தந்தி எங்கடா கண்ணு அடிக்கறது இந்த ஊர்ல?"

"தபாலே போதும், மிஸஸ் டி. பெட்டியில போட்ட நேரம்தான் கணக்கு. பேங்க் கையில கிடைச்ச நேரம் இல்ல." சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீது வாங்கிக்கொண்டு, பத்தேகாலுக்கு மிஸஸ் டி எங்கள் வங்கிக்குள் நுழைந்தார். தபாலில் போட்டவர் நேரில் வரவேண்டிய அவசியமே இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே வந்ததாகச் சொன்னார். பின்னால் வெர்ன்.

விட்லாக் ஐயாவே வெளியே வந்தார். பதினொரு துணைத் தலைவர்களும் அரை வட்டமாக நின்றார்கள்.

"அம்மா, இந்த ரத்து உரிமை இருக்கே, அது இந்த வங்கியோட உயிர்," என்று ஆரம்பித்தார் விட்லாக். "இருபத்திரண்டு வருஷமா அதுல ஒரு கீறல் படாம பாதுகாத்துட்டு வர்றோம். ஒருத்தர் பயன்படுத்திட்டாலே அது பழசாயிடும்மா. உங்க பேரப்பிள்ளைங்களுக்கு அது புதுசா இருக்க வேணாமா?"

"எனக்குப் பேரப்பிள்ளைங்க இல்ல. வீடுதான் இருக்கு."

ஹால்வர்சன் முன்னால் வந்தார். "மேடம், ரத்து செய்யணும்னா அதோட விளைவுகள முதல்ல நாங்க வெளிப்படுத்தணும். நாப்பது பக்கம். அதுல கையெழுத்துப் போட்டு, மூணு நாள் யோசிச்சு..."

"மூணு நாள் நாளையோட முடியுது."

"ஆமா மேடம். துரதிர்ஷ்டம்தான்."

"தபால் போயாச்சுடா," என்று அவர் ரசீதை உயர்த்திக் காட்டினார்.

"எங்களுக்கு இன்னும் வரலையே," என்றார் விட்லாக்.

"வர வேணாம். போட்டாலே போதும்னு உங்க தாளே சொல்லுது. எல்டனும் சொன்னான்."

பதினொரு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஹால்வர்சன் சட்டென்று ஒரு தாளை உருவினார். "உங்க கணவர் ரத்து செய்யலன்னு உறுதி குடுத்திருக்காரே! இதோ, புதன்கிழமைத் தேதியில, சாட்சியோட!"

"வீட்டுக்காரங்கள்ல யார் ஒருத்தர் ரத்து பண்ணாலும் ரெண்டு பேருக்கும் ரத்துதான்னு போட்டிருக்கு. அதுவும் இல்லாம, புதன்கிழமை இன்னும் வரவே இல்லையேடா! இவரு வராத நாள்ல கையெழுத்துப் போட்டாருன்னு சொல்றியா? கோர்ட்டுல போய்ச் சொல்லேன், நானும் வந்து பாக்கறேன்."

விட்லாக் குரலைத் தணித்தார். "அம்மா, யோசிங்க. போன வாரம் எங்க மதிப்பீட்டாளர் உங்க வீட்ட அரண்மனைன்னு எழுதினாரு. உண்மையச் சொல்லணும்னா அது ஒழுகற கூரை, சாஞ்ச முன்படி. எங்கள விட்டா அதை நம்பி யார் காசு குடுப்பாங்க?"

"அரண்மனைன்னு எழுதினது கடன் குடுக்கறப்ப. ஒழுகற கூரைன்னு சொல்றது நான் வேணாங்கறப்ப. அது ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டு மணி அடிங்களேன் பாப்போம்!"

யாரும் அடிக்கவில்லை. அப்போதுதான் வெர்ன் வாயைத் திறந்தார். அவர் வங்கிக்குள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"அந்த மதிப்பீட்டுக்கு வாங்கின காசு," என்றார். "அதையும் குடுத்துரணுமாமே. இருபது நாளுக்குள்ள."

"கட்டணம் திருப்பித் தரப்படாது சார்," என்றார் ஹால்வர்சன்.

"தரணும். நூத்தி நாலாம் பக்கம்," என்றார் வெர்ன். "நேத்து முழுக்க உக்காந்து படிச்சேன். எங்க வீட்டுல டி.வி. மேலதான் இப்ப சொட்டுது."

வங்கி இப்படி ஒரு நெருக்கடியைச் சந்தித்ததே இல்லை. பூஜ்யத்தை இறக்கிவிட்டு ஒன்று என்று பித்தளையில் செய்ய வேண்டுமா, கேக்கில் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே என்று மூன்று நாள் கூட்டம் நடந்தது. கடைசியில் விட்லாக் ஐயாவின் மூளைதான் கைகொடுத்தது. ரத்து செய்தால் அந்தக் கடன் ஆரம்பத்திலிருந்தே இல்லாமல் போய்விடுகிறது. இல்லாத கடனை எப்படி ரத்து செய்ய முடியும்? ஆகவே மிஸஸ் டி எதையும் ரத்து செய்யவில்லை. ஆகவே பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விருந்து என்று முடிவாயிற்று. செடித் தொட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி ஜன்னலை மூடினார்கள்.

மிஸஸ் டி பணத்துக்காகப் பத்தொன்பதாம் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நானூற்று எழுபத்தைந்து டாலர், மதிப்பீட்டுக் கட்டணம். அதில் சமையலறைக்கு மேலே இருக்கிற பகுதிக்கு ஓடு வாங்கி, வெர்னே ஏறிப் போட்டார். மற்ற பகுதியில் நீலத் தார்ப்பாய். அடுத்த கோடையில் இன்னொரு பகுதி, அதற்கடுத்த கோடையில் மிச்சம் என்று கணக்கு. அந்தத் தார்ப்பாய் ஊர்ப் பாலத்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது. ஊருக்கு அழகாக இல்லை என்று விட்லாக் ஐயா வருத்தப்படுகிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த விருந்து நாளைப் பற்றி.

அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம், விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், வெளிப்படைத்தன்மை அறையில் இன்னொரு ஜோடி உட்கார்ந்திருந்தது. சின்ன வயது. அந்தப் பெண் வயிற்றில் பிள்ளை. பிள்ளைக்கு ஒரு அறை கட்ட வேண்டுமாம், அதற்குக் கடன். ஹால்வர்சன் பழைய உற்சாகத்தில் இருந்தார். இப்போதெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது விநாடிதான். டிங். வெளிப்படுத்தப்பட்டது. டிங். வெளிப்படுத்தப்பட்டது. அறுபத்தொன்றாம் பக்கம் வந்தபோது நான் இருமினேன். அவர் கவனிக்கவில்லை. டிங்.

கடைசித் தாள் வந்தது. பையன் போட்டான். பெண்ணும் போட்டாள். தாளை என் பக்கம் தள்ளினார்கள். 'என் முன்னிலையில் கையெழுத்திட்ட நாள்' என்று அச்சடித்து, எப்போதும்போல் எனக்காகக் கோடு விட்டிருந்தார்கள்.

டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வேலையிழந்து அழுதாளாமே அந்தப் பெண், அவள் ஞாபகம் வந்தது. நான் பத்தொன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருவர்கூட என்னைத் தூக்கவில்லை.

கோட்டின் மேல் அன்றைய தேதியை எழுதினேன். பக்கத்தில் 'வெள்ளிக்கிழமை' என்று, ஓரடி உயரம் இல்லாவிட்டாலும், பெரிதாகவே எழுதினேன். அதன் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

ஹால்வர்சன் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எல்டன்! என்ன பண்ணிட்ட? இதுல மூணு நாள் கழிஞ்சுதுன்னு இருக்கு, கையெழுத்து இன்னைக்குன்னு இருந்தா தாளே செல்லாம போயிரும்ய்யா!"

"ஆமா," என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஹால்வர்சனைப் பார்த்தாள். பிறகு தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஹால்வர்சனின் விரல் மணியை நோக்கிப் போனது. நான் மணியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீ படிம்மா," என்றேன். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."